புத்தகம் போட நகையை வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. தென்காசிப் பக்கம். தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து, ஆறு வருடத்துக்கு முன் வேலையை விட்டேன். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்ட நாட்டுப்புறக் கதைகளைக் குழந்தைகளுக்காகத் திரும்ப எழுதுகிறேன். ஏழு புத்தகம் வந்திருக்கிறது. முதல் மூன்றைப் பதிப்பகம் போட்டது. வருடத்துக்கு 7,000 ரூபாய் ராயல்டிதான் வருகிறது என்பதால் அடுத்த நான்கை நானே போட்டேன். அச்சகம் பெரியப்பா மகன் அண்ணனுடையது, சிவகாசியில். ஒவ்வொன்றிலும் 1,000 பிரதி, சுமார் 80,000 ரூபாய் செலவு, நகையை வைத்துத்தான். இப்போது நகைக் கடன் 2,60,000 நிற்கிறது (வங்கியில் 1,60,000, தனியார் நிறுவனத்தில் 1,00,000). வருடா வருடம் வட்டி கட்டிப் புதுப்பிக்கிறேன். வீட்டில் 1,800 பிரதி இருக்கிறது. பள்ளிகளில் கதை சொல்லப் போகிறேன்; தடவைக்கு 3,000, வருடத்துக்கு 40 தடவை. கணவர் சம்பளம் 38,000. மகள் பிளஸ் டூ. ஒரு ஆடியோ நிறுவனம் நான்கு புத்தகத்துக்கும் சேர்த்து 60,000 தருவதாகச் சொல்கிறது. அதை வாங்கி எட்டாவது புத்தகத்தைப் போட்டுவிட்டு, முகவர் சொல்லும் உத்தரவாத வருமானத் திட்டத்தில் வருடம் 50,000 போடலாமா? இது நல்ல முதலீடா? வரி ஏதும் வருமா? (செலவுக் கணக்கு, ஒப்பந்த நகல், முகவர் எழுதிக் கொடுத்த தாள் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.)

பதில்: கேள்வி முதலீட்டைப் பற்றி. கடிதம் முழுக்க இருப்பது அடகுச் சீட்டு. அதையே முதலில் பார்ப்போம்.

சேமிப்பு வேண்டும், அவசர நிதி வேண்டும் என்றெல்லாம் உங்களுக்கு நான் வகுப்பெடுக்கப் போவதில்லை. ஆறு வருடமாக வட்டி தவறாமல் கட்டுகிறவருக்கு ஒழுங்கு சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் ஒரே பழக்கத்தில் இருக்கிறது: புதுப் புத்தகம் என்றதும் நகை பீரோவை விட்டுக் கிளம்பிவிடுகிறது.

ஒரு புத்தகத்தின் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். அச்சு 55,000, ஓவியருக்கு 20,000, லேஅவுட் 5,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக 80,000. விலை 150 ரூபாய். 4,000 அடித்து 1,800 மிச்சம் என்றால் 2,200 விற்றிருக்கிறது, புத்தகத்துக்கு 550. பள்ளியில் நேரே விற்றால் 10 சதவீதம் கழிவு போக 135 கையில் நிற்கும். கடை வழியாகப் போனால் 40 சதவீதம் அவர்களுக்கு, உங்களுக்கு 90, அதுவும் எப்போது என்று கேட்கக் கூடாது. பாதிக்குப் பாதி என்று வைத்தால் 550 பிரதிக்கு ஏறக்குறைய 62,000 வரும். இதற்கு மூன்று வருடம் ஆகிறது என்று வைப்போம். இரண்டு கடனையும் சேர்த்து வட்டியைக் குறைவாகவே 12 சதவீதம் என்று வைத்தாலும், அந்த மூன்று வருடமும் 80,000-க்கு 28,800. போட்டது 1,08,800, வந்தது 62,000. புத்தகத்துக்கு 46,800 ரூபாய் நஷ்டம், கூடவே 450 பிரதி கட்டிலுக்கு அடியில்.

அதே 550 பிரதியைப் பதிப்பகம் விற்று 10 சதவீத ராயல்டி கொடுத்திருந்தால் 8,250 ரூபாய். சிரிப்பு வரும் தொகைதான். ஆனாலும் உங்கள் கடிதத்தில் புத்தகம் கொண்டுவந்த பணங்களில், எதையும் கழிக்காமல் அப்படியே வந்தது அந்த 7,000 ராயல்டி ஒன்றுதான். அது குறைவு என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்து, புத்தகத்துக்கு 46,800 கைப்பணம் போட்டிருக்கிறீர்கள்.

இது இத்தனை நாள் கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. கடன் மொத்தமாக வாங்கியது. விற்ற காசு 270, 450, 1,350 என்று சில்லறையாக வந்தது. சில்லறை காய்கறிக்கும் மகள் டியூஷனுக்கும் போய்விட்டது. போனதில் தப்பில்லை, வீடு என்றால் அப்படித்தான். ஆனால் புத்தகம் விற்ற காசு புத்தகக் கடனுக்குத் திரும்பவே இல்லை. இன்றைக்கே ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். புத்தகம் விற்ற ஒவ்வொரு ரூபாயும் அதில் விழட்டும். ஜிபே ஸ்டிக்கரில் இருக்கும் கணக்கையும் அதற்கே மாற்றிவிடுங்கள்.

அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். “500-க்கும் 1,000-க்கும் பேப்பர் காசுதாம்மா வித்தியாசம், பிளேட்டு செலவு ஒண்ணுதான்.” அவர் பொய் சொல்லவில்லை. ஆஃப்செட் அச்சில் பக்கங்களுக்குத் தகடு (அதுதான் பிளேட்) போட்டு, மெஷினை ஏற்றி, நிறம் பிடித்து நிறுத்துவதற்கான செலவு எத்தனை பிரதி அடித்தாலும் ஒன்றுதான். பிரதி கூடக் கூட ஒன்றின் அடக்கவிலை குறையும். 1,000 பிரதியை விற்கத் தெரிந்தவருக்கு அது லாபம். 550 விற்பவருக்கு? 55,000 ரூபாய் அச்சுக்கூலியை 550 ஆல் வகுத்தால் பிரதிக்கு 100 ரூபாய். பிளேட் தேவையில்லாத டிஜிட்டல் அச்சில் 300 பிரதி மட்டும் அடித்து, பிரதிக்கு 85 ரூபாய் ஆனாலும் அது மலிவு. அண்ணன் சொல்வது அவர் மெஷினின் கணக்கு. உங்கள் கட்டிலுக்கு அடியில் வேறு கணக்கு நடக்கிறது.

அவரிடம் சண்டை போட வேண்டாம். “அண்ணே, இனி அடகு வைக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர் கண்டிப்பா சொல்லிட்டார். கையிருப்பு வித்து முடிஞ்சதும் நானே வர்றேன்” என்று சொல்லுங்கள். கணவர் பெயரைப் பயன்படுத்துவதில் உங்களுக்கு மனத்தாங்கல் இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

நூலக ஆணை (அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் ஆணை) வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று உங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருக்கும். எழுதாவிட்டாலும் 1,000 பிரதி என்ற எண்ணே அதைச் சொல்கிறது. தமிழில் சொந்தமாகப் புத்தகம் போடுகிற பாதிப்பேருக்கு அந்த நம்பிக்கை உண்டு. விண்ணப்பிக்க மாதிரிப் பிரதிகள் போதும். ஆணை கையில் வந்த பிறகு அடித்துக்கொள்ளலாம். பணம் வர நாளாகும், விலையிலும் அவர்கள் சொல் உண்டு, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விருதை நம்பவும் வேண்டாம். சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் தொகையே 50,000 ரூபாய். உங்கள் ஒரு புத்தகத்தின் அச்சுக்கூலிக்கே அது காணாது.

இப்போது அந்த 60,000. இந்தப் பழக்கத்தின் உண்மையான விலை இங்கேதான் தெரிகிறது. கடன் இல்லாதவராக இருந்தால் இந்த ஒப்பந்தத்தை நீங்கள் இரண்டாம் தடவை படித்திருப்பீர்கள். அனுப்பிய நகலில் “எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக” என்று இருக்கிறது. நாட்டுப்புறக் கதை யாருக்கும் சொந்தமில்லை, உண்மை. ஆனால் நரியும் கிழவியும் பேசிக்கொள்வதை நீங்கள் எந்தச் சொற்களில் எழுதினீர்களோ, அந்த எழுத்து உங்களுடையது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு இன்னும் 60 ஆண்டும் அது உங்களுக்கும் உங்கள் வாரிசுக்கும் சொந்தம். அதை மொத்தமாகப் புத்தகத்துக்கு 15,000 என்று கேட்கிறார்கள். உங்கள் ஐந்து கதை நேரத்துக் கூலி அது.

உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் அந்தச் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் “நிரந்தரமாக”, “உலகம் முழுவதும்” என்பதை மறக்காமல் போட்டிருக்கிறார்கள். நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஒலிவடிவம் மட்டும், தமிழில் மட்டும், ஐந்து ஆண்டு, கொஞ்சம் முன்பணம், வருமானத்தில் பங்கு. முன்பணம் 60,000 வராது, 20,000 வந்தாலும் வாங்குங்கள். அனிமேஷன், மொழிபெயர்ப்பு, பாடநூலில் சேர்ப்பது எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரி என்னைக் கவலைப்படுத்துகிறது. வழக்கு ஏதும் வந்தால் முழுப் பொறுப்பும் நஷ்டஈடும் ஆசிரியருடையது என்கிறது. பெரியவர்கள் வாயால் கேட்டு எழுதிய கதைக்குப் பயமில்லை. ஏதாவது ஒரு கதையை வேறொருவர் தொகுத்து அச்சிட்ட புத்தகத்திலிருந்து எடுத்து, சொல்லை இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றியிருந்தால், கதை பொதுச்சொத்து என்ற வாதம் அங்கே நிற்காது. அந்தத் தொகுப்பாளரின் எழுத்து அவருக்குச் சொந்தம். நான்கு புத்தகத்தையும் எடுத்து, எந்தக் கதை யார் சொல்லிக் கேட்டது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சந்தேகம் உள்ள கதையை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஓவியரிடமும் படங்களை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உத்தரவாத வருமானத் திட்டம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 10 வருடம் 50,000 கட்ட வேண்டும், 13-ஆம் வருடத்திலிருந்து 12 வருடத்துக்கு 75,000 வீதம் வரும் என்று முகவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். “5 லட்சம் 9 லட்சமாகும்” என்று காதில் இனிக்கும். போட்ட காசுக்கு வருடாந்தர வட்டியாகக் கணக்கிட்டால் 5 சதவீதத்தைத் தாண்டாது. தனியார் நிறுவனத்தில் உங்கள் வளையலுக்கு 18 சதவீதம் கட்டிக்கொண்டு, 5 சதவீதத்துக்குப் பணத்தைப் பூட்டிவைப்பதா? இரண்டாம் வருடத் தவணைக்கு எதை அடகு வைப்பீர்கள் என்று அவர் கேட்டாரா? உத்தரவாதம் என்ற சொல் இருக்கிறதே என்று மயங்காதீர்கள். அந்த 18 சதவீதக் கடனை அடைத்தால் கிடைக்கும் மிச்சமும் உத்தரவாதம்தான், அதற்கு முகவர் கமிஷன் கிடையாது.

சரி, அடைப்பது எப்படி? வங்கிக் கடன் 9.5 சதவீதம், தனியார் 18. வருட வட்டி 15,200-ம் 18,000-ம், சேர்த்து 33,200. நீங்கள் பஸ் ஏறிப் போய்த் தொண்டை வறளக் கதை சொல்லும் 40 நாளில் 11 நாள் இந்த வட்டிக்காகவே உழைக்கிறீர்கள்.

கையிருப்பை அந்தப் பயணங்களோடு கட்டுங்கள். இனி பள்ளிகளிடம் கதை நேரம் 3,000 என்று மட்டும் சொல்லாதீர்கள். பள்ளி நூலகத்துக்கு 10 புத்தகம் சேர்த்து 4,200 என்று சொல்லுங்கள். 20 சதவீதக் கழிவில் 10 பிரதிக்கு 1,200. தலைமையாசிரியருக்கு இது சின்னத் தொகை, ரசீதும் புத்தகமும் கையில் இருப்பதால் நிர்வாகத்திடம் காட்டவும் வசதி. எல்லாப் பள்ளியும் ஒத்துக்கொண்டால் வருடத்துக்கு 400 பிரதி, 48,000 ரூபாய், புதிதாக ஒரு பைசா அச்சுச் செலவில்லாமல். கதை நேர வருமானத்தில் பயணச் செலவு போக ஒரு லட்சம் நிற்கும் என்றால், 30,000 வீட்டுக்கு, 70,000 கடனுக்கு. ஆக வருடம் 1,18,000. முதல் வருடம் வட்டி போக 85,000 அசலில் குறையும். அத்தனையும் 18 சதவீதச் சீட்டுக்கே போகட்டும், வங்கிக்கு அதுவரை வட்டி மட்டும். மூன்றாம் வருடம் முடிவதற்குள் நகை முழுவதும் வீட்டுக்கு வந்துவிடும். சில பள்ளிகள் புத்தகம் வேண்டாம் என்றால் இன்னும் சில மாதம் ஆகும், அவ்வளவுதான். போடாத நகை ஏதாவது ஒன்று இருந்தால் விற்று, தனியார் நிறுவனக் கடனை இப்போதே முடித்துவிடலாம் என்பது என் கட்சி. மகளுக்கென்று வைத்தது என்பீர்கள், தெரியும். ஏலத்துக்குப் போனால் மகளுக்கும் இருக்காது.

முழுநேர எழுத்து என்று நீங்கள் வேலையை விட்டதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் குழந்தைகளுக்கு எழுதினார். வாண்டுமாமாவுக்குப் பத்திரிகைச் சம்பளம் இருந்தது. உங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது கதை நேரம். வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது பள்ளியில் நூலக வகுப்பு எடுக்கக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

வரி பற்றிக் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பழைய வருமான வரி முறையில் எழுத்தாளர் ராயல்டிக்கு 3 லட்சம் வரை கழிவு உண்டு; உங்கள் வருமானத்துக்கு எந்த முறையிலும் வரி வராது, அதனால் அதை விடுங்கள். யாராவது உங்களுக்குத் தரும் பணத்தில் 10 சதவீதம் வரியாகப் பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடுங்கள்.

எட்டாவது புத்தகத்தை முதல் மூன்றைப் போட்ட பதிப்பகத்திடமே கொடுங்கள். போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் இப்போது உங்கள் கையில் 40 பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது, அன்றைக்கு அது இல்லை. அதைக் காட்டி 10 சதவீத ராயல்டியை 12 ஆக்கப் பேசுங்கள். பள்ளிகளில் விற்க உங்களுக்கு வேண்டிய பிரதிகளை 40 சதவீதக் கழிவில் தரவேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஜனவரி புத்தகக் காட்சிக்குக் கொண்டுவர வேண்டுமானால் பதிப்பகங்களுக்குக் கையெழுத்துப் பிரதி முன்கூட்டியே வேண்டும், ஆகவே ஆடியோ நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திராமல் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.