ரஜாய்க்குள்ளேயே (பஞ்சு வைத்த கனத்த போர்வை) யோகா செய்யலாமா?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். என் மாமியாருக்கு வயது 68. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஊரில் பாய் விரித்து ஆசனம் செய்தவர், இந்த ஜனவரிக் குளிரில் மார்பிள் தரைப் பக்கமே போக மாட்டேன் என்கிறார். காலையில் கட்டிலிலேயே செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். தேய்ந்த முழங்காலுக்குத் தரையில் உட்கார்ந்து எழுவதுதான் பெரிய சோதனை. கட்டிலில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் மெத்தையைப் பாருங்கள். மல்லாந்து படுக்கும்போது இடுப்பு பள்ளத்தில் இறங்கினால் கீழ்முதுகு வலிக்கும். தேங்காய் நார் மெத்தை நல்லது. ஃபோம் மெத்தை பொதபொதவென்று அமுங்கினால், கெட்டி மெத்தை போட்ட திவான் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். எந்த மெத்தையானாலும் அதன்மேல் நிற்பதும் முட்டி போடுவதும் வேண்டாம்.

கண் விழித்ததும் ரஜாயை விலக்காமலே ஆரம்பிக்கலாம். பாதங்களை முகத்தை நோக்கி இழுத்து, பிறகு எதிர்ப்பக்கம் நீட்ட வேண்டும், 15 முறை. அடுத்து, குதிகாலை விரிப்பின் மேல் தேய்த்தபடி முழங்காலை மடக்கி நீட்ட வேண்டும், காலுக்கு 10 முறை. சாக்ஸ் போட்டிருந்தால் குதிகால் எளிதாக வழுக்கும்.

இனி வருவதை மட்டும் ஒரு நாளும் விட வேண்டாம். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை நசுக்குவதுபோல் முழங்காலைக் கீழே அழுத்தி, 5 எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். காலுக்கு 10 முறை. தொடையின் முன்பக்கத் தசை வலுவாக இருந்தால் மூட்டின்மேல் விழும் பாரம் குறையும். அழுத்தும்போது அந்தத் தசையைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இறுக வேண்டும். இறுகவில்லை என்றால் தொடைக்குப் பதில் பிட்டத்தால் அழுத்துகிறார். 1, 2 என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். தம் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். எண்ணிக்கொண்டிருப்பவரால் மூச்சை அடக்க முடியாது.

மல்லாந்து படுத்து, மடக்கிய காலை வயிற்றை நோக்கி இழுக்கும் பவனமுக்தாசனத்தை ஒரு காலாக மட்டும் செய்யட்டும். முழங்காலின்மேல் கைகோத்து இழுத்தால் தேய்ந்த மூட்டு மேலும் அழுந்தும். தொடைக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். முழங்காலை மடக்கி, பாதங்களை ஊன்றி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனத்தில் தலையணையை எடுத்துவிட்டு, மூச்சை விட்டபடி இடுப்பை ஒரு சாண் உயர்த்தினால் போதும், 5 முறை. இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது வேண்டாம். வயிற்றுத் தசை தளர்ந்தவர்களுக்கு முதுகு வில்லாக வளைந்து பிடித்துக்கொள்ளும். எலும்பு மெலிவு இருந்தால் முன்னால் குனிவதையும் உடலை முறுக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

கடைசியில் 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுவதை 5 நிமிடம் செய்யலாம். கபாலபாதியும் (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) மூச்சை உள்ளே நிறுத்துவதும் இவருக்கு வேண்டாம். பிராணாயாமம் என்று அதிகாலையில் ஜன்னலைத் திறந்துவிடாதீர்கள். டெல்லிக் குளிர்காலத்தில் புகை தரையோடு படிந்து நிற்கும் நேரம் அது. அதற்காக, மூடிய அறையில் அங்கீட்டி (குளிர்காயும் கரி அடுப்பு) மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும்.

காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிட்டால் அது தேய்மானத்தின் இயல்பு. ஒரு மணி நேரம் தாண்டியும் விடாமல், விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை தேவை. நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி வந்தால் உடனே நிறுத்தி அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கட்டிலைவிட்டு இறங்கும்போதுதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படுக்கையிலிருந்து விருட்டென எழுந்தால் ரத்தம் காலில் இறங்கி, தலை கிறுகிறுக்கும். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்து, காலைத் தொங்கவிட்டு 2 நிமிடம் உட்காரட்டும். அப்போதும் பாதங்களை மேலும் கீழும் அசைக்கட்டும். கிறுகிறுப்பு அடிக்கடி வந்தால், படுத்தபடி ஒரு முறையும் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு முறையும் பி.பி. பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படுத்துச் செய்வது மட்டும் எலும்புக்குப் போதாது. கட்டில் விளிம்பிலிருந்து எழுந்து நின்று உட்காருவதை, நீங்கள் பக்கத்தில் நிற்க, தினமும் 5 முறை செய்யட்டும். கட்டில் முழங்கால் உயரத்துக்கும் தாழ்வாக இருந்தால் நாற்காலியில் செய்யலாம். எழுந்து நிற்பதற்கு முன் சாக்ஸைக் கழற்றி ரப்பர் செருப்பு மாட்டிவிடுங்கள். விரிப்பில் வழுக்கி உதவிய அதே சாக்ஸ் மார்பிளிலும் வழுக்கும்.