பொடுகு ஷாம்பு வாங்கப் போகிறீர்களா? – கேள்வி பதில்

கேள்வி: மூன்று பிராண்டு மாற்றிவிட்டேன். தலைக்குக் குளித்த இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, பிறகு மறுபடி கொட்டுகிறது. உருப்படியான பிராண்டு ஒன்று சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். பிராண்டை விட்டுவிட்டு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் மாற்றிய மூன்றிலும் ஒரே மருந்துதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெயர் மூன்று, வாசனை மூன்று, உள்ளே இருப்பது ஒன்று. மாற்ற வேண்டியது மருந்தை.

பொடுகுக்கு வேலை செய்யும் மருந்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கெட்டோகோனசோல் 1 அல்லது 2 சதவீதம். செலினியம் சல்ஃபைடு 1 சதவீதம், 2.5 சதவீதம் என்றால் பொதுவாக மருத்துவர் சீட்டு கேட்பார்கள். ஜிங்க் பைரிதியோன் 1 முதல் 2 வரை. பிராக்டோன் ஓலமைன் 0.5 முதல் 1 வரை. இவையெல்லாம் பொடுகைக் கிளப்பும் பூஞ்சையைக் குறைப்பவை. சாலிசிலிக் அமிலம் வேறு வகை. 2 அல்லது 3 சதவீதத்தில் கெட்டியான செதிலை இளக்கி உதிர்க்கும், பூஞ்சையை அவ்வளவாகத் தொடாது. பொருக்கு தடித்துப் போனவர்கள் முதல் சில குளியலுக்கு இதைப் போட்டுச் செதிலை எடுத்துவிட்டு, பிறகு பூஞ்சை மருந்துக்குப் போகலாம்.

இனி போடும் முறை. பாதிப் பேர் தோற்பது இங்கேதான். தலையில் எண்ணெயோ ஜெல்லோ இருந்தால் முதலில் சாதாரண ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். அதற்குப் பிறகு மருந்து ஷாம்பு, ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன். முடியை வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் படும்படி வையுங்கள். முடியில் போவது வீண். விரல் நுனியால் தேய்க்க வேண்டும், நகம் கூடாது. காதுக்குப் பின்னால், பிடரி, நெற்றியோரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம் விடுங்கள். நுரை வந்ததும் அலசிவிட்டால் மருந்து சாக்கடைக்குத்தான் போகும்.

வாரத்துக்கு இரண்டு முறை, நான்கு வாரம். அடங்கிய பிறகும் வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ தொடர வேண்டும். இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து வந்ததில்லை. எல்லார் தலையிலும் நிரந்தரமாகக் குடியிருப்பது. குறைக்கலாம், ஒழிக்க முடியாது. நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் கேட்கவில்லை என்றால் வேறு மருந்து. அதுவும் கேட்கவில்லை என்றால் தோல் மருத்துவர்.

கேள்வி: எண்ணெய் வைத்தால் பொடுகு மறைந்துவிடுகிறது. ஆனால் இரண்டு நாளில் முன்னைவிட அதிகம். எண்ணெய் நல்லதா கெட்டதா?

பதில்: மறையவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெயில் நனைந்த செதில் பறக்காது, தோளிலும் விழாது. அவ்வளவுதான்.

நான் சொன்ன பூஞ்சையின் பெயர் மலசீசியா. பிரெஞ்சு மருத்துவர் மலாஸே 1874-ல் தலைச்செதிலில் இதைப் பார்த்து எழுதினார், அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இதற்குத் தேவையான கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கத் தெரியாது. நம் தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துச் சாப்பிட்டுத்தான் பிழைக்கிறது. வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாத ஓலிக் அமிலத்தை அங்கேயே விட்டுவிடும். சிலர் தோலுக்கு அந்த ஓலிக் அமிலம் ஆகாது. அரிக்கும், தோல் அவசர அவசரமாகப் புதுச் செல்களை மேலே தள்ளும், முதிராத செல்கள் கட்டிகட்டியாக உதிரும். அதுதான் பொடுகு. ஒரே வீட்டில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் போவதற்கும் இதுவே காரணம்: பூஞ்சை இருவருக்கும் உண்டு, எரிச்சல் ஒருவருக்குத்தான்.

ஆக, தாவர எண்ணெயைத் தடவி இரவெல்லாம் விடுவது அதற்கு விருந்து வைப்பது. ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஓலிக் அமிலமே. பொருக்கை இளக்க எண்ணெய் வேண்டும் என்றால், பூஞ்சைக்கு உணவாகாத மினரல் ஆயிலைக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் தடவி, முழுக்க அலசிவிடுங்கள்.

கேள்வி: "100% பொடுகு நீங்கும்" என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன்...

பதில்: அந்த 100-க்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரம் இருந்திருக்கும். பாட்டிலின் அடியில், எறும்பு எழுத்தில், "கண்ணுக்குத் தெரியும் செதில்கள், தொடர்ந்து பயன்படுத்தும்போது" என்கிற மாதிரி ஒரு வரி. கண்ணுக்குத் தெரியாத செதிலுக்கும் நிறுத்திய பிறகு வருவதற்கும் அவர்கள் பொறுப்பில்லை.

இதில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். முன்பக்கத்தில் இலை, பூ, பனித்துளி, நீல மின்னல். வாங்குபவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு: எந்த மருந்து, எத்தனை சதவீதம். மருந்தாகப் பதிவான ஷாம்புவில் இவை இருந்தே தீரும். அழகுப் பொருளாக விற்பதில் பல நேரம் பெயர் மட்டும் இருக்கும், அளவு இருக்காது. உள்ளடக்கப் பட்டியலில் பெயர்கள் பொதுவாக அளவின் இறங்குவரிசையில் வரும். 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றைப் பெரும்பாலான இடங்களில் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். வாசனைக்கும் நிறத்துக்கும் நடுவில் ஒரு மூலிகைச் சாறு எட்டிப் பார்த்தால், அது படத்துக்காகச் சேர்த்தது. "தோல் மருத்துவர்கள் சோதித்தது" என்றால் சோதித்தார்கள் என்றுதான் பொருள். முடிவு என்ன என்று அங்கே எழுதியிருக்கிறதா, பாருங்கள். "பொடுகைக் கட்டுப்படுத்த உதவும்" என்பதில் 'உதவும்' என்ற சொல் வக்கீல் எழுதியது. சதவீதம் போடாத பாட்டிலை நான் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். நீங்களும் வைத்துவிடுங்கள், அலமாரியில் தேங்கினால்தான் அச்சடிப்பார்கள்.

கேள்வி: டீ ட்ரீ எண்ணெய் ஷாம்பு?

பதில்: 5 சதவீதம் இருந்தால் ஓரளவு கேட்கும். 2002-ல் வெளிவந்த ஒரு சோதனையில் நான்கு வாரத்தில் 41 சதவீத முன்னேற்றம். மருந்தில்லாத ஷாம்பு போட்டவர்களுக்கு 11. 5 சதவீதம் என்றால் 100 மில்லியில் 5 மில்லி. கடையில் இருப்பதில் அவ்வளவு இருக்கிறதா என்று லேபிளில் தேடுங்கள். சுத்த எண்ணெயை அப்படியே தலையில் ஊற்றாதீர்கள், புண்ணாகும். திறந்து வெகுநாளான பாட்டிலும் வேண்டாம். காற்றுப் பட்டுக் கெட்ட எண்ணெய்தான் அதிகம் ஒவ்வாமை தரும்.

கேள்வி: வீடியோவில் பார்த்து எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டேன். எரிகிறது, நெற்றியோரம் சிவந்துவிட்டது. அளவு தவறா?

பதில்: அளவில் தவறில்லை, செய்ததே தவறு. தலைத்தோலின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 5.5 அளவில் இருப்பது. எலுமிச்சை 2-க்குப் பக்கம், சமையல் சோடா 8-க்கு மேல். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நுரைக்கும். எது மிஞ்சியதோ அது உங்கள் தோலைக் கடிக்கும். பார்க்க வேகமாக இருக்கிறது என்பதைத் தவிர அந்த நுரையால் ஒரு பயனும் இல்லை. எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வரலாம், கருத்த தடம் பல வாரம் நிற்கும்.

வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். எரிச்சல் அடங்கும்வரை வாசனையில்லாத மென்மையான ஷாம்பு மட்டும். மருந்து ஷாம்புகூட வேண்டாம். வெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள். கொப்புளமோ நீர்க்கசிவோ வந்தால் மருத்துவரிடம் போங்கள். வீடியோ போட்டவரிடம் கேட்டு அடுத்த கலவைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: சிகிச்சை நிலையம் ஒன்றில் தலையில் கேமரா வைத்து, திரையில் காட்டி, "வேர்க்கால் எல்லாம் அடைத்துவிட்டது, இப்படியே விட்டால் வழுக்கை" என்றார்கள். பயந்துபோய் 12 அமர்வுக்கும் முன்பணம் கட்டினேன். இரண்டு முடிந்ததும் அரிப்பு கூடிவிட்டது. நிறுத்துகிறேன் என்றால் பணம் திரும்பாது என்கிறார்கள். என் முட்டாள்தனம்தான்...

பதில்: இல்லை. பயமுறுத்தி வாங்கியவர்கள் பேரில்தான் தப்பு. அந்தக் கேமரா தோலைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். காலையில் தலைக்குக் குளித்தவர் தலையில் வைத்தாலும் செதில் தெரியும், எண்ணெய்ப் பளபளப்பும் தெரியும். பொடுகால் சொறிந்து சொறிந்து முடி உதிரலாம், ஒடியலாம். அரிப்பு அடங்கினால் பெரும்பாலும் திரும்பிவிடும். நிரந்தர வழுக்கைக்குக் காரணம் வேறு.

இப்போது வரிசையாகச் செய்யுங்கள். கார்டில் கட்டியிருந்தால் முதல் வேலை வங்கிக்கு எழுதுவது: சேவை வாக்களித்தபடி இல்லை, கட்டணத்தை எதிர்க்கிறேன் என்று. இதற்குக் காலக்கெடு உண்டு, தாமதித்தால் போச்சு. தவணைக் கடனாக எடுத்திருந்தால் கடன் கொடுத்தவருக்கும் தனியாக எழுத வேண்டும்; தவணையைச் சொல்லாமல் நிறுத்தினால் பாக்கிதாரர் என்று உங்கள் பெயர் ஏறும். நிலையத்துக்குத் தேதியிட்டு எழுத்தில் மூன்று கேளுங்கள்: மீதி 10 அமர்வுக்கான பணம், இரண்டு அமர்விலும் தலையில் தடவியவற்றின் முழு உள்ளடக்கப் பட்டியல், பரிசோதித்தவரின் தகுதி. தொலைபேசியில் பேசியது எதுவும் கணக்கில் வராது. சிவந்த இடத்தைப் படம் எடுத்து, மருத்துவரைப் பார்த்துக் குறிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். இவையெல்லாம் கையில் இருந்தால் நுகர்வோர் புகாருக்கு எடை கூடும். ரசீதில் "பணம் திரும்பாது" என்று அச்சடித்துவிட்டதாலேயே அது சட்டமாகிவிடாது. சமாதானத்துக்கு ஷாம்புப் பெட்டி கொடுப்பார்கள், "இதோடு முடிந்தது" என்று கையெழுத்தும் கேட்பார்கள். இரண்டையும் தொடாதீர்கள்.

கேள்வி: சிலிக்கான் மசாஜ் பிரஷ் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதிரும் மாடல் ஒன்று என்னிடம் இருக்கிறது, கீபோர்டு துடைக்க உதவுகிறது.

கேள்வி: நண்பர் சொன்ன லோஷன், க்ளோபெட்டசால் என்று போட்டிருக்கிறது. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு போச்சு. ஆறு மாதமாகத் தடவுகிறேன். புருவத்தில் செதில் வந்ததால் அங்கேயும். நிறுத்தினால் திரும்ப வருகிறது. பெரிய பாட்டிலாக வாங்கிவிடலாமா?

பதில்: ஐயோ. அது மிக வீரியமான ஸ்டீராய்டு. தலைக்கு எழுதிக் கொடுத்தால்கூட தொடர்ச்சியாக இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் பொது விதி. முகத்துக்குக் கூடாது என்று அட்டையிலேயே இருக்கும், எடுத்துப் படியுங்கள். அரிப்பை அமுக்குமே தவிர பூஞ்சையை ஒன்றும் செய்யாது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், ரத்தக் குழாய் தெரியும், பரு கிளம்பும்; கண்ணுக்கு அருகில் என்றால் கண்ணழுத்தமும் கூடலாம். பாட்டிலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதம் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். சீட்டில்லாமல் ஆறு மாதம் கொடுத்த கடைக்காரருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும், அச்சில் போட முடியாது.

கேள்வி: ஐரோப்பாவில் ஜிங்க் பைரிதியோனைத் தடை செய்துவிட்டார்களாமே? வீட்டில் இரண்டு பாட்டில் இருக்கிறது, கொட்டிவிடவா?

பதில்: தடை உண்மை, 2022 மார்ச் 1 முதல், அழகுப் பொருட்களில். கருவைப் பாதிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. மாற்று இருக்கும்போது அப்படிப்பட்டதை அழகுப் பொருளில் விட அங்கே சட்டம் இடம் தராது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழுவே, அலசிவிடும் பொடுகு ஷாம்புவில் 1 சதவீதம் வரை பாதுகாப்பானது என்றும் சொல்லியிருந்தது. அமெரிக்காவில் இன்னும் விற்கிறது. கொட்ட வேண்டாம். மனம் ஒப்பவில்லை என்றால் அடுத்த முறை பிராக்டோன் ஓலமைன் பாருங்கள். கர்ப்பமாக இருந்தால் எந்த மருந்து ஷாம்புவுக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு வயதுப் பையனுக்கு வட்டமாக ஒரு இடத்தில் செதில், அங்கே முடியும் ஒடிந்து கொட்டுகிறது. குழந்தைகளுக்கான பொடுகு ஷாம்பு எது?

பதில்: எதுவும் வாங்காதீர்கள். இது படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். முடியின் வேருக்குள் போகும் பூஞ்சை, ஷாம்பு எட்டாது; வாய்வழி மருந்து வேண்டும். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதுவரை அவன் சீப்பு, தொப்பி, துண்டு தனி.

கேள்வி: சாயம் பூசிய முடி. செலினியம் சல்ஃபைடு போடலாமா?

பதில்: சாயத்தின் நிறம் மாறலாம், வேறு எடுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் நன்கு குலுக்கி, நகையைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். கடைசியில் நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். ஒன்று கேட்கிறேன்: அரிப்பு சாயம் பூசிய ஓரிரு நாளில் தொடங்கியதா? காது, பிடரி, கண்ணிமையிலும் உண்டா? ஆமாம் என்றால் அது பொடுகே இல்லை, சாயத்தின் ஒவ்வாமை. கருஞ்சாயங்களில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் அதற்குப் பேர் போனது.

கேள்வி: பொடுகு தொற்றுமா? குடும்பத்தில் ஆளுக்கொரு சீப்பு வாங்கப் போகிறேன்.

பதில்: தொற்றாது. பொடுகுக்காக என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

கேள்வி: தேதி முடிந்து ஒரு வருடமான கெட்டோகோனசோல் பாட்டில், முக்கால்வாசி இருக்கிறது. மனசு வரவில்லை.

பதில்: தூக்கிப் போடுங்கள். அடுத்த முறை சின்ன பாட்டிலாக வாங்குங்கள். வாரம் இரண்டு முறை, தடவைக்கு 10 மில்லி என்றாலும் நான்கு வாரத்துக்கு 80 மில்லிதான் ஆகும்.