தெற்றுப்பல்லுக்கு அலைனரா, கிளிப்பா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 26. ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். மேல் வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் வரிசையை விட்டு மேலே ஏறித் தெற்றுப்பல்லாக நிற்கிறது. கீழ் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கமாக இருக்கின்றன. வேலூரில் பார்த்த ஒரு பல் மருத்துவர், கழற்றி மாட்டும், கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தட்டான கிளியர் அலைனரே போதும் என்கிறார். இன்னொருவர் கிளிப் போட்டே ஆக வேண்டும் என்கிறார். வரும் தை மாதம் திருமணம் இருக்கலாம் என்பதால், ஆறு மாதத்தில் முடியும் என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் அலைனர் செட் வாங்கலாமா என்றும் கேட்கிறார்.

உங்கள் வாயை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது. ஆனால் இரண்டு மருத்துவர்களும் ஏன் வேறுபட்டார்கள் என்பதை விளக்க முடியும்; அது புரிந்துவிட்டால் முடிவெடுப்பது எளிது.

பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு உண்டு. பல்லை ஒரு பக்கமாக மென்மையாக, விடாமல் அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்து எலும்பு கரைந்து வழிவிடும். பின்பக்கத்தில் புதிய எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்பும். கிளிப்பும் அலைனரும் செய்வது இந்த ஒரே வேலையைத்தான். கிளிப் பல்லோடு ஒட்டியே இருப்பதால் இரவு பகலாக வேலை செய்கிறது. அலைனர் என்பது பல்வரிசையின் அச்சில் செய்த ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டு. அதை வாயில் மாட்டியிருக்கும் நேரத்துக்கு மட்டுமே பலன் உண்டு. ஒவ்வொரு தட்டும் பல்லை ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர்தான் நகர்த்தும் என்பதால், ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த தட்டுக்கு மாற வேண்டியிருக்கும்.

உங்கள் கீழ்ப் பற்களின் நெருக்கம் லேசானதாக இருந்தால் அலைனர் அதை நன்றாகவே சரிசெய்யும். பற்களுக்கிடையே எனாமலை மில்லிமீட்டரின் சிறு பங்கு அளவுக்குத் தேய்த்து இடம் உண்டாக்குவார்கள். முறையாகச் செய்தால் அது பல்லைக் கெடுப்பதில்லை. சிக்கல் மேலே உள்ள கோரைப்பல்லில்தான் இருக்கிறது. பல்லைச் சாய்ப்பது அலைனருக்கு எளிது. ஆனால் ஏறி நிற்கும் பல்லைக் கீழே இழுத்து வரிசையில் சேர்ப்பதும், உருண்டை வடிவமுள்ள கோரைப்பல்லைத் திருப்புவதும் அதற்குக் கடினமானவை. வழுவழுப்பான பல்லில் தட்டுக்குப் பிடிமானம் கிடைக்காது. அதற்காகவே பல் நிறத்தில் சிறு புடைப்புகளைப் பல்லின்மேல் ஒட்டுகிறார்கள். அவை இருந்தாலும் திட்டமிட்ட அளவு முழுவதும் நகரும் என்று உறுதி சொல்ல முடியாது. கோரைப்பல்லுக்கு இடம் கிடைக்க அதன் அருகிலுள்ள முன்கடைவாய்ப்பல்லை எடுக்க நேர்ந்தால், என் கருத்தில், கிளிப்பே நம்பகமான வழி. உலோகம் தெரிவது சங்கடமென்றால் பல் நிறத்து செராமிக் கிளிப் இருக்கிறது. முதல் சில மாதங்கள் கிளிப் போட்டுக் கோரைப்பல்லை இறக்கிவிட்டு, மிச்சத்தை அலைனரால் முடிப்பதும் நல்ல யோசனை. இதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அலைனர் என்றே முடிவானால், உங்கள் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். தட்டு நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி வீதம் ஒன்றரை மணி போய்விடும். நீங்கள் எழுதியுள்ளபடி நான்கு முறை தேநீர் குடித்தால், கழற்றுவது, குடிப்பது, வாய் கொப்பளித்து மாட்டுவது என்று இன்னும் ஒரு மணி நேரம் கழியும். தட்டை மாட்டிக்கொண்டே சூடான தேநீர் குடிக்கக் கூடாது. தட்டு நெளியும், கறை பிடிக்கும், சர்க்கரை உள்ளே தங்கிப் பல்லைச் சொத்தையாக்கும். தேநீரை இரண்டாகக் குறைத்து, உணவோடு சேர்த்துக் குடித்துவிடுவதே நடைமுறைக்கு உகந்தது. கழற்றிய தட்டைக் காகிதத்தில் சுற்றி இலைக்கு அருகே வைத்து, இலையோடு எறிந்துவிடுகிறவர்கள் பலர். தட்டை வைக்கும் பெட்டி எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். நம் வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதை விட்டுவைக்கவும் கூடாது.

திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கம் சில ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. சிறுவயதில் அத்தகைய நீரைக் குடித்ததால் பற்களில் வெண்திட்டோ பழுப்புக் கறையோ உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த எனாமலில் புடைப்பும் கிளிப்பும் ஒட்டுவது கடினம். அடிக்கடி கழன்று விழலாம்.

இணையத்தில் செட் வாங்குவதை நான் திட்டவட்டமாக வேண்டாம் என்கிறேன். எக்ஸ்ரே எடுத்து வேரையும் எலும்பையும் பார்க்காமல், ஈறு நோயும் சொத்தையும் இருக்கிறதா என்று சோதிக்காமல் பல்லை நகர்த்துவது ஆபத்து. நோயுற்ற ஈறில் நகர்த்திய பல் ஆடத் தொடங்கும். அமெரிக்காவில் அஞ்சல்வழி அலைனர் விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சை நடுவிலிருந்தவர்கள் கைவிடப்பட்டார்கள். பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்னும் முதுநிலைப் பட்டம் முடித்த ஒருவரிடம் நேரில் செல்லுங்கள்.

தைக்குள் முழுமையாக முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உங்கள் வகைப் பற்களுக்கு ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். அலைனராக இருந்தால் முகூர்த்த நேரத்துக்குக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். செராமிக் கிளிப்பானால் புகைப்படத்தில் அதிகம் தெரியாது. பணம் கட்டுமுன், இடையில் தேவைப்படும் கூடுதல் தட்டுகளும், முடிந்தபின் பற்கள் மீண்டும் நகராமல் இருக்கப் போடும் ரீடெய்னரும் அந்தத் தொகையில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரீடெய்னரை முதல் சில மாதங்கள் நாள் முழுவதும், பிறகு ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் போட வேண்டும். போடாவிட்டால் கீழ் முன்பற்கள்தான் முதலில் பழைய நெருக்கத்துக்குத் திரும்பும்.