பகலில் காலி, இரவில் மூன்று லட்சம் வரிசை

கேள்வி: அம்மா, அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மெயின்ஃப்ரேமைச் சென்னையிலிருந்து பார்த்துக்கொள்ளும் டீமில் நான் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி. ஐபிஎம்மின் டிபி2 டேட்டாபேஸில் வெர்ஷன் 12-லிருந்து 13-க்கு மாறும் வேலை நடக்கிறது. அதற்காகப் பல வருடப் பழைய பேக்கேஜ்களை (புரோகிராமின் எஸ்கியூஎல் டேட்டாவை எந்தப் பாதையில் எடுக்க வேண்டும் என்ற தயார் திட்டங்கள்) போன வாரம் ரீபைண்ட் செய்தோம், அதாவது புதிதாகத் தயாரித்தோம். அன்றிலிருந்து, 40 நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த ஒரு இரவு பேட்ச் ஜாப் நாலு மணி நேரம் ஓடுகிறது. புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. டேட்டா பக்கங்களை மெமரியில் வைத்திருக்கும் பஃபர் பூலைப் பெரிதாக்கலாம் என்கிறார் எங்கள் லீட். செய்யலாமா?
– சென்னை வாசகர்

பதில்: தம்பி, பஃபர் பூலை இப்போது தொடாதீர்கள். அந்த ஜாபின் கெட்பேஜ் எண்ணிக்கையை முதலில் பாருங்கள். டிபி2 ஒரு பக்கத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தது என்ற கணக்கு அது. போன மாதத்தையும் இந்த வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல மடங்கு ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் பஃபர் பூல் இதற்கு மருந்து இல்லை. டிஸ்க் வரை போகும் நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான். மெமரியில் இருக்கும் பக்கத்தைக் கோடிக்கணக்கான தடவை புரட்டினாலும் சிபியு செலவுதான். மெயின்ஃப்ரேமில் பல இடங்களில் மாத சாஃப்ட்வேர் பில் அந்த மாதத்தின் உச்சமான நாலு மணி நேர சிபியு சராசரியை வைத்து வருகிறது. உங்கள் ஜாப் ஓடுவதும் நாலு மணி நேரம். கிளையன்ட் இதைச் சும்மா விட மாட்டார்.

நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 13-க்குப் போக வேண்டுமானால் 12-லேயே ஃபங்ஷன் லெவல் 510 என்ற படியை ஏற்றியாக வேண்டும். கடைசி 18 மாதத்தில் ஓடிய பேக்கேஜ் எல்லாம் வெர்ஷன் 11-லோ அதற்குப் பிறகோ பைண்ட் ஆகியிருந்தால்தான் 510 ஏறும். அதற்காகத்தானே ரீபைண்ட் செய்தீர்கள்? அந்தப் பேக்கேஜ் அத்தனை வருடமும் தனக்குத் தெரிந்த பழைய பாதையிலேயே போய்க்கொண்டிருந்தது. ரீபைண்ட் செய்ததும், பாதையைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசர் டேபிள்களின் இன்றைய புள்ளிவிவரத்தைப் பார்த்துப் புதுப் பாதை போட்டுவிட்டது. வெர்ஷனைத் திட்டுவதற்கு முன்னால் அந்தப் புள்ளிவிவரம் சரியா என்று பாருங்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இதே மாதிரி ஓர் இன்சூரன்ஸ் வேலைதான். பிரீமியம் கட்டத் தவறிய பாலிசிகளை இரவில் ஒரு வொர்க் டேபிளில் நிரப்புவார்கள். மூன்று லட்சம் வரிசை வரும். வேலை முடிந்ததும் விடிவதற்குள் காலி செய்துவிடுவார்கள். புள்ளிவிவரத்தைச் சேகரிக்கும் ரன்ஸ்டாட்ஸ் ஓடியதோ மதியம் இரண்டு மணிக்கு. அந்தப் புள்ளிவிவரம் சேரும் கேட்டலாகில் அந்த டேபிளுக்கு எத்தனை வரிசை என்று பார்த்தேன். பூஜ்யம்! காலி டேபிளுக்கு இண்டெக்ஸ் எதற்கு என்று ஆப்டிமைசர் டேபிள்ஸ்பேஸ் ஸ்கேனை, அதாவது முழுவதையும் படிக்கும் வழியை, எடுத்துக்கொண்டது. அதுவும் இரண்டு டேபிளை இணைக்கும் ஜாயினில் உள் டேபிளாக வைத்து. ஒவ்வொரு பாலிசிக்கும் மூன்று லட்சம் வரிசையையும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. ரன்ஸ்டாட்ஸ் நேரம் வருடக்கணக்காகத் தப்பாகவே இருந்திருக்கிறது. யாரும் ரீபைண்ட் செய்யாததால் வெளியே தெரியவில்லை. இரண்டு இரவு தூங்காமல் இதைக் கண்டுபிடித்தேன். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அந்த டேபிள் ஞாபகம் வந்தது.

சரி, இன்று இரவுக்கு என்ன செய்யலாம்? ரீபைண்டில் பழைய காப்பியை வைத்துக்கொள்ளும் பிளான்மேனேஜ்மென்ட் அமைப்பு எக்ஸ்டெண்டட் என்று இருந்தால் (மாற்றியிருக்காவிட்டால் அதுதான் இருக்கும்) பழைய காப்பி பத்திரமாக இருக்கிறது. முதலில், பாதையைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் பேக்கேஜ் கட்டளையைக் காப்பி கரண்ட், காப்பி ப்ரீவியஸ் என்று இரண்டு தடவை கொடுத்து, இரண்டு பாதையையும் பிளான் டேபிளில் இறக்கிக்கொள்ளுங்கள். அக்சஸ்டைப் எங்கே ஐ-யிலிருந்து (இண்டெக்ஸ்) ஆர்-ஆக (முழு ஸ்கேன்) மாறியிருக்கிறது, மேட்ச்கால்ஸ் (இண்டெக்ஸில் பொருந்தும் நெடுவரிசைகளின் எண்ணிக்கை) எங்கே குறைந்திருக்கிறது என்று தேடினால் குற்றவாளி டேபிள் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். அப்புறம், பழைய காப்பிக்குத் திரும்ப ரீபைண்ட் ஸ்விட்ச் ப்ரீவியஸ். அந்தக் காப்பி வெர்ஷன் 10-ல் பைண்ட் ஆனதாக இருந்தால் 12-ல் நன்றாகவே ஓடும். ஜாப் 40 நிமிடத்துக்குத் திரும்பிவிடும்.

ஆனால் அப்படியே விட்டுவிட்டால் 510 ஏறாது. அதனால் அடுத்த நாளே, முடிந்தவரை பழைய பாதையையே வைத்துக்கொள்ளச் சொல்லும் ஏபிரீயூஸ் வார்ன் போட்டு மறுபடி ரீபைண்ட் செய்யுங்கள். பேக்கேஜின் கோட் புதிது, பாதை பழையது. பலர் ஸ்விட்ச்சோடு நிம்மதியாகி இந்தப் படியை மறந்துவிடுகிறார்கள்.

நிரந்தர வைத்தியம் வேறு. வொர்க் டேபிள்தான் காரணம் என்றால், அது நிரம்பியிருக்கும் நேரத்தில் ஒரு தடவை ரன்ஸ்டாட்ஸ் எடுங்கள், பகல் ஷெட்யூலிலிருந்து அதை நீக்குங்கள். இல்லையென்றால் ஆல்டர் டேபிளில் அதை வாலடைல் (அளவு அடிக்கடி மாறுவது) என்று அறிவித்துவிடுங்கள். வரிசை எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் முடிந்தவரை இண்டெக்ஸையே எடுக்கும்.

இதையெல்லாம் பார்த்து ரீபைண்டே ஆபத்து என்று ஒதுங்கிவிடாதீர்கள். தேதி உள்ள நெடுவரிசையின் மேல் இயர் ஃபங்ஷன் போட்டு எழுதிய கண்டிஷனுக்கு முன்பெல்லாம் இண்டெக்ஸ் கிடைக்காது. 11-லிருந்து டிபி2 தானே அதை மாற்றி எழுதி இண்டெக்ஸைப் பயன்படுத்துகிறது. அந்த லாபம் ரீபைண்ட் செய்த பேக்கேஜுக்கு மட்டும்தான்.

உங்கள் லீடிடம் வாதம் செய்ய வேண்டாம். இரண்டு கெட்பேஜ் எண்ணையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி: மேடம், புது வேலையில் என்னை ஐபிஎம்மின் பழைய மெயின்ஃப்ரேம் டேட்டாபேஸான ஐஎம்எஸ் டீமில் போட்டுவிட்டார்கள். காலாவதியான டேட்டாபேஸ் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கட்டுமா?
– கோவை வாசகி

பதில்: கேட்காதேம்மா. சந்திரனுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உதிரிபாகப் பட்டியலைச் சமாளிக்க 1966-ல் தொடங்கிய வேலை அது. கலிஃபோர்னியாவின் டௌனியில் 1968 ஆகஸ்ட் 14 அன்று அதன் டைப்ரைட்டர் டெர்மினலில் முதன்முதலாக 'ரெடி' என்று வந்தது. இன்றும் பெரிய பெரிய வங்கிகளின் பணம் அதன் வழியாகத்தான் போகிறது. தெரிந்தவர்களோ ஒவ்வொருவராக ரிட்டையர் ஆகிறார்கள்.

எஸ்கியூஎல் பழகிய கண்ணுக்கு முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். இங்கே டேட்டா வம்சாவளி மாதிரி அடுக்கப்பட்டிருக்கும். பேரனைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் தாத்தா வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். உன் சிஸ்டத்தின் டிபிடி (டேட்டாபேஸின் அமைப்பைச் சொல்லும் வரையறை) ஒன்றை வாங்கி, செக்மென்ட்களை, அதாவது அதில் உள்ள டேட்டா துண்டுகளை, ஒரு பெரிய தாளில் மரமாக வரைந்து சுவரில் ஒட்டிவை. நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.