சர்வீஸ் சென்டரின் கவனக்குறைவால் கார் இன்ஜின் பழுதாகிவிட்டது, டீலர் பொறுப்பேற்க மறுக்கிறார். என்ன செய்யலாம்?

சர்வீஸ் முடிந்து வந்த சில நாளில் இன்ஜின் இறுகிவிட்டது. "ஆயில் லைட் எரிந்த பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள்" என்று டீலர் உங்கள் மேலேயே பழியைப் போடுகிறார். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் இன்ஜினைப் பிரிப்பார்களாம். நீங்கள் இருப்பது அம்பாசமுத்திரம், பில்லின் அடியிலோ மதுரை கோர்ட் என்று அச்சடித்திருக்கிறது. இதுதான் உங்கள் கேள்வி.

கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். இன்ஜினைப் பிரித்துப் போட்ட பிறகு எந்த போல்ட் லூசாக இருந்தது, எந்த வாஷர் இல்லாமல் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களிடம் இருக்கிற பெரிய சாட்சியே அந்தக் கார்தான். அது இப்போது எதிராளியின் ஷெட்டில் நிற்கிறது.

எனக்கும் இதே போல நடந்தது. திருநெல்வேலியில் ஒரு டீலரிடம் சர்வீஸ் விட்டு எடுத்த வண்டி. வள்ளியூரில் ஒரு கல்யாணத்துக்காக நாற்கரச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம், பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். மூன்றடைப்பு தாண்டியதும் சிவப்பு ஆயில் லைட் எரிந்தது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன். அதற்குள் உள்ளே தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. நாங்குநேரியிலிருந்து வந்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். இன்ஜினின் அடிப்பகுதி முழுக்கப் புது ஆயில், தேன் நிறத்தில் வழிந்து பின்பக்கம் வரை தெறித்திருந்தது. ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் காட்டினார். "அண்ணாச்சி, இங்க பாருங்க, ஸ்பானரே வேண்டாம், கையிலேயே கழலுது. வாஷரும் இல்ல." அவர் சொல்லச் சொல்ல, அதை அப்படியே செல்போனில் வீடியோ எடுத்தேன். பின்னால் டீலரின் வாதத்தை உடைத்தது அந்த வீடியோதான்.

மீட்டரில் கிலோமீட்டர், வண்டி நின்ற இடம், தரையில் சொட்டிய ஆயில், ரெக்கவரி வண்டிக்காரர் கொடுத்த ரசீது, எல்லாமே ஆதாரம். உங்கள் கார் ஏற்கெனவே ஷெட்டுக்குப் போய்விட்டது என்பதால், இன்றைக்கே ஒரு மெயில் அனுப்புங்கள்: "என் முன்னிலையில், நான் அழைத்து வரும் சர்வேயர் முன்னிலையில் அல்லாமல் இன்ஜினைத் திறக்கக் கூடாது. கழற்றிய பாகம் எதையும் வெளியே போடக் கூடாது." நேரில் போய் வண்டியின் அடிப்பக்கத்தையும் படம் எடுங்கள். படம் எடுக்க விடவில்லை என்றால் அதையும் மெயிலில் எழுதுங்கள். உரிமம் பெற்ற வாகன சர்வேயர்கள் (வண்டியின் சேதத்தை ஆராய்ந்து சொல்பவர்கள்) தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு அறிக்கை தருவார்கள். அந்தச் செலவு வீண் போகாது.

ஜாப் கார்டு (என்ன வேலை என்று எழுதித் தரும் தாள்), பில், கேட் பாஸ் (வண்டியை வெளியே எடுக்கத் தரும் சீட்டு) மூன்றும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். சர்வீஸ் எடுத்த அன்று மீட்டரில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பது இந்தத் தாள்களில்தான் இருக்கும். நடுவில் வேறு எங்கும் வண்டியைக் காட்டவில்லை என்பதும் முக்கியம்.

அந்த "லைட் எரிந்தும் ஓட்டினீர்கள்" என்கிற வாதத்தைக் கேட்டு நீங்கள் பயந்துபோயிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பயப்பட வேண்டாம். அந்தச் சிவப்பு லைட் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தம் விழுந்துவிட்டதைக் காட்டுகிறது. சின்ன பெட்ரோல் இன்ஜினில் இருப்பதே மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில்தான். லைட் எரிகிறது என்றால் அநேகமாக பம்ப் உறிஞ்ச ஆயில் இல்லாத நிலை வந்துவிட்டது என்று அர்த்தம். பேரிங்குகள் தேய அதற்கு மேல் அதிக நேரம் வேண்டாம். ஆக, கேட்க வேண்டிய கேள்வி வேறு: புதிதாக ஊற்றிய ஆயில் சில நாளில் எங்கே போனது? இதற்கு அவர்களிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். என் விஷயத்தில் அந்தக் கேள்விக்குக் கடைசி வரை பதிலே வரவில்லை.

அடுத்து சலுகை பேசுவார்கள். எனக்கு "பாதிச் செலவு நீங்கள், பாதி நாங்கள்" என்றார்கள். லேபர் சார்ஜ் மட்டும் தள்ளுபடி, அடுத்த சர்வீஸ் இலவசம் என்றெல்லாமும் சொல்லிப் பார்த்தார்கள். போல்ட்டை முடுக்காமல் விட்டது அவர்கள். எந்தப் பாதிக்கு நான் பணம் கட்ட வேண்டும்? முக்கியமாக, "முழுத் திருப்தி" என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு வண்டியைக் கொடுப்பார்கள். அதைப் படிக்காமல் போடவே போடாதீர்கள்.

கார் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் புகார் பதியுங்கள், புகார் எண் கிடைக்கும். ஆனால் அவர்களை ரொம்ப நம்பாதீர்கள். டீலர் தனி வியாபாரி என்று கை கழுவிவிடுவார்கள். தனக்குத் தெரியாமல் டீலர் செய்த தவறுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2021-ல் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. தயாரிப்பிலேயே கோளாறு என்றால் கதை வேறு. சர்வீஸ் தவறு என்றால் முதல் எதிர்தரப்பு டீலர்தான்.

வக்கீல் நோட்டீஸுக்கும் அவர்கள் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மதுரைக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அம்பாசமுத்திரம் என்றால் திருநெல்வேலி ஆணையம். பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் அந்த உரிமை போகாது. கட்டணமும் பெரிதில்லை: சர்வீஸுக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் எதுவுமே கிடையாது, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் செய்து பாருங்கள். சில டீலர்கள் அந்த அழைப்பிலேயே இறங்கி வந்துவிடுகிறார்கள்.

அலட்சியத்தையும், தெரிந்தே தகவலை மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே இந்தச் சட்டம் சொல்கிறது. மனுவில் ரிப்பேர் செலவை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ரெக்கவரி வண்டி, வாடகைக் கார், சர்வேயர் கட்டணம், மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாவற்றையும் ரசீதோடு கேளுங்கள். டீலர் 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் அதற்கு மேல் 15 நாள்தான் கூட்டித் தர முடியும். தீர்ப்புக்குச் சட்டம் சொல்கிற காலம் 3 மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம். நடைமுறையில் இழுக்கும், மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

என் வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. ஆணையத்தின் நோட்டீஸ் போய், வீடியோவும் சர்வேயர் அறிக்கையும் கையில் கிடைத்ததும் அவர்கள் வக்கீலே சமரசம் பேசினார். இன்ஜின் வேலை முழுவதும் அவர்கள் செலவு, அதற்கு எழுத்தில் வாரண்டி, என் கைச்செலவும் திரும்ப வந்தது. வாய்வார்த்தையாக விடாமல், இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆணையத்தின் முன் பதிவு செய்தோம். மன்னிப்பு என்று ஒரு வரி மட்டும் அவர்களிடமிருந்து வரவில்லை. பிள்ளைகளோடு அந்த வேகத்தில் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆறவில்லை.

இன்சூரன்ஸை இதற்கு எதிர்பார்க்காதீர்கள். சாதாரண பாலிசியில் மெக்கானிக்கல் பழுதுக்கு இடமில்லை.

ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு 2 வருடம். டீலர் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. மேனேஜர் லீவு, கம்பெனியிலிருந்து ஆள் வர வேண்டும் என்று மாதங்களைத் தள்ளிவிடுவார்கள். நோட்டீஸில் ஒரு தேதி கொடுங்கள். அந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் மறுநாளே மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.