உணவு மாநாடுகளும் நம் அடுப்பும்

வணக்கம் ஐயா,

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஆசிரியையாக இருக்கிறேன். உலக உணவு தினத்துக்கு ஒரு மாணவிக்குப் பேச்சு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற பிள்ளைக்கு, ரோமில் கூடிப் பேசுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? வேண்டியதை நாமே விளைவித்துக்கொண்டால் இந்த மாநாடுகள் எதற்கு?

— ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. 1974 நவம்பரில் ரோமில் உலக உணவு மாநாடு கூடியது. இன்னும் பத்து வருடத்தில் எந்தக் குழந்தையும் பசியோடு படுக்கப் போகாது என்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் கிசிஞ்சர் அங்கே பேசினார். அதே வருடம் நம் மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, இங்கே அரசு கொடுத்த உணவுப் பங்கீட்டைக் குறைத்தார்கள். அரிசிக்கும் மாவுக்கும் பங்கீட்டையே நம்பியிருந்த, பயிரிடச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத தோட்டத் தொழிலாளர்களைத்தான் அது மோசமாகத் தாக்கியது. பிழைக்க வழியில்லாமல் நகரங்களுக்கு வந்து கையேந்தியவர்களை வயதானவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். அந்த வாக்குறுதி அவர்களில் ஒருவரையும் காப்பாற்றவில்லை.

ஆனாலும் மாநாடுகளே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நாமே விளைவித்துக்கொள்வோம் என்பது அரிசியோடு நின்றுவிடும் பேச்சு. பாணுக்கான கோதுமை இங்கே விளைவதில்லை. மைசூர்ப் பருப்பு கப்பலில் வருகிறது. சீனியிலும் பால்மாவிலும் பெரிய வெங்காயத்திலும் பெரும்பகுதி அப்படித்தான். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியதும் அரிசிக்கே வெளிநாட்டைப் பார்க்க வேண்டி வந்தது. வாங்கித் தின்கிற தீவு இது. தட்டுப்பாடு வரும்போது விற்கிறவர் கதவைச் சாத்தாமல் இருக்க ஏதாவது விதி உண்டா என்பதுதான் நமக்குப் பெரிய கேள்வி.

2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. புறக்கோட்டையில் விலை எப்படி ஏறியது என்று உங்களுக்கே தெரியும். கேட்டுக்கொண்டதன்பேரில் அடுத்த ஏப்ரலில் 10,000 தொன் நமக்கு விட்டார்கள். 2022 மே மாதம் தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பலை அனுப்பியது. அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் இவை எல்லாம் பாசத்தாலும் அரசியலாலும் வந்தவை. ஆட்சி மாறினால், உள்ளூரில் விலை ஏறினால், அடுத்த தடவை வராமலும் போகலாம். தட்டுப்பாட்டில் ஒருவருக்கொருவர் தானியம் கொடுத்து உதவ, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உணவு வங்கிக்கு 2007இலேயே கையெழுத்திட்டிருக்கிறோம். அந்த சார்க்கின் உச்சி மாநாடே 2014க்குப் பிறகு கூடவில்லை.

விதி என்று உருப்படியாக ஒன்று வந்தது 2022 ஜூனில். ஐ.நா.வின் உதவி நிறுவனமான உலக உணவுத் திட்டம் மனிதாபிமான உதவிக்காக வாங்கும் உணவுக்கு ஏற்றுமதித் தடை போடக் கூடாது என்று உலக வர்த்தக அமைப்பில் நாடுகள் முடிவெடுத்தன. அதே மாதம்தான் அந்த உணவுத் திட்டம் கொழும்பின் வறிய குடியிருப்புகளில் கர்ப்பிணித் தாய்மாருக்கு உணவு வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. விதி சிறியது. உதவி நிறுவனம் வாங்கினால்தான் செல்லும், காசு கொடுத்து வாங்கும் நம் இறக்குமதியாளருக்குச் செல்லாது. நெருக்கடியில் இருக்கும் இறக்குமதி நாடுகளுக்கும் அதை விரிக்கச் சொல்லி, நம்மைப் போன்ற நாடுகள் ஒன்றுசேர்ந்து விடாமல் கேட்க வேண்டும். கேட்பதற்கு மாநாட்டு மேசையை விட்டால் வேறு இடமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயிறு நிறைவது வேறு, பிள்ளை வளர்வது வேறு. தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷா 1973இல் அமெரிக்க உதவியோடு தொடங்கியது. இன்று ஜா-எலயில் நாமே சோளமும் சோயாவும் கலந்து செய்கிறோம். வெளிநாட்டு உதவி இப்படி நம் கைக்கு வந்து சேர்வதே சரியான வழி என்பேன். ஆனால் கிளினிக்கில் கொடுத்த பக்கெற்று வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகிறது? தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிக்கிறார்கள். அண்ணனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, அம்மம்மாவுக்குப் பாதி. யாருக்காகக் கொடுத்தார்களோ அந்தச் சின்னப் பிள்ளையின் எடைக் கோடு அட்டையில் ஏறாமலே நிற்கிறது. தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மற்றப் பிள்ளைகளும் பசியோடுதானே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! எத்தனை தொன் தானியம் வந்தது என்று மட்டும் எண்ணும் கொள்கைக்கு இந்தப் பங்கு பிரிப்பு தெரியவே தெரியாது. குடும்பம் முழுவதற்கும் முட்டையும் பருப்பும் வாங்கக் காசு இருந்தால்தான் அந்தப் பக்கெற்று உரியவருக்குப் போய்ச் சேரும்.

மாணவியின் பேச்சில் அமைப்புகளின் பெயர்ப் பட்டியலை விட்டுவிடுங்கள். 1974ஐயும் வெங்காயத்தையும் வையுங்கள். திரிபோஷாவைப் பற்றி அவள் தன் தாயாரிடமே கேட்டு எழுதட்டும். அப்புறம் பேச்சை எனக்கும் அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.