பெங்களூருவில் மழலையர் பள்ளி ஆசிரியர் ஆகப் பயிற்சி எடுக்கலாம் என்றிருக்கிறேன். 30 வயதுக்கு மேல் சேரலாமா? எந்தப் பயிற்சி நல்லது? கன்னடம் தெரியாதது தடையா?

தாராளமாகச் சேரலாம். நான் சேர்ந்தபோது எனக்கு 34 வயது. என்னோடு படித்தவர்களில் பேத்தி எடுத்த ஒரு அம்மாவும் இருந்தார். எங்கள் எல்லாருடையதையும்விட அவர் ஆல்பம்தான் அழகு. ஆல்பம் என்றால் என்ன என்று பின்னால் சொல்கிறேன். முதலில் நான் ஏமாந்த கதை. அதைக் கேட்டால் உங்களுக்குப் பணமாவது மிஞ்சும்.

கல்யாணமாகி கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு அல்சூருக்கு வந்தவள் நான். பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. தெருமுனை பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு போர்டு தொங்கியது: மூன்றே மாதத்தில் நர்சரி டீச்சர், வேலைக்கு உத்தரவாதம். சீட்டு எடுத்த பணத்திலிருந்து 18,000 ரூபாய் கட்டினேன். மூன்று மாதமும் சார்ட் பேப்பர், பெவிகால், ஐஸ் குச்சி. பழங்களை வெட்டி ஒட்டினோம், வண்ணத்துப்பூச்சியை வெட்டி ஒட்டினோம். கடைசி வரை ஒரு குழந்தையைக்கூடக் கண்ணில் காட்டவில்லை.

சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஒரு பள்ளிக்கு நேர்காணலுக்குப் போனேன். அங்கிருந்த தலைமை ஆசிரியை அதைப் பிரித்தே பார்க்கவில்லை. "ரெண்டரை வயசுப் பையன் பக்கத்துக் குழந்தையைக் கடிச்சிட்டான். நீங்க முதல்ல யார்கிட்ட போவீங்க?" என்று கேட்டார். கடித்தவனிடம் போய், தப்பு என்று சொல்வேன் என்றேன். "அப்போ கடிபட்ட பிள்ளை?" என்றார். முழித்தேன். வேலை கிடைக்கவில்லை.

முதலில் போக வேண்டியது கடிபட்ட குழந்தையிடம். அந்த வயதுப் பிள்ளை கடிப்பது பெரும்பாலும் கோபத்தைச் சொல்ல வார்த்தை இல்லாததால்தான். நாம் கடித்தவனிடம் ஓடினால், கடித்தால் டீச்சர் ஓடி வருவார் என்று அவன் கணக்குப் போட்டுக்கொள்கிறான். இந்தச் சின்ன விஷயத்தைப் படிக்க எனக்கு இன்னொரு வருடமும் இன்னொரு கட்டணமும் ஆயிற்று.

இப்படிப்பட்ட மாடிப் பயிற்சிகள் பிழைப்பதற்குக் காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான். ஆறுக்குக் கீழே என்றால் அரசியலமைப்பின் 45-ஆவது பிரிவு, அரசு முயல வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. அதனால் தனியார் பிளே ஸ்கூல்களில் ஆசிரியருக்கு என்ன படிப்பு என்று கறாராகக் கேட்பவர்கள் குறைவு. படிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிமுறைப்படி நடக்கும் டி.பி.எஸ்.இ. (முன்பள்ளிக் கல்வி டிப்ளமோ) என்ற இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது; பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும். இதைத்தான் பழைய ஆட்கள் இன்னும் என்.டி.டி., அதாவது நர்சரி டீச்சர் டிரெயினிங், என்கிறார்கள். வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழி டிப்ளமோ. 2020 கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே கட்டமாகச் சேர்த்துவிட்டதால், இனிமேல் நல்ல பள்ளிகள் முறையான டிப்ளமோவைக் கேட்கும் என்றே நினைக்கிறேன். சேரும் இடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று குழுமத்தின் பட்டியலிலேயே பார்த்துவிடுங்கள், வாய் வார்த்தையை நம்ப வேண்டாம்.

நான் இரண்டாவதாகப் போனது மாண்டிசோரி பயிற்சிக்கு, முழுதாக ஒரு கல்வியாண்டு. பிள்ளைகள் பொருள்களைக் கையாண்டு தாங்களே கற்கும் முறை அது. பெங்களூருவில் தடுக்கி விழுந்தால் ஒரு மாண்டிசோரி பள்ளி. அந்தப் பெயருக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, எவர் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், அதனால் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். 1939-இல் நம் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போரில் அவருடைய இத்தாலியும் இறங்கிவிட, சில வருடங்கள் இங்கேயே தங்க வேண்டியதாயிற்று, கொடைக்கானலிலும் இருந்திருக்கிறார். இதை வகுப்பில் சொன்னபோது எங்கள் நாலைந்து தமிழ்க்காரர்களுக்கும் காரணமில்லாமல் ஒரு பெருமை.

பயிற்சியின் முதல் வாரம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். பத்து வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு இது ஒரு வேலையா என்று, சின்னக் குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு மடமடவென்று ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே "இப்படித்தான், மெதுவா ஊத்தணும்" என்று பேசவும் செய்தேன். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. வாயைத் திறக்காமல் செய்து காட்டினார். வலது கை பிடியில், இடது கை குவளையின் மூக்குக்குக் கீழே தாங்கலாக. ஊற்றி முடித்த பிறகும் கடைசிச் சொட்டு விழும் வரை குவளை சாய்ந்தபடியே நின்றது. தட்டில் விழுந்த இரண்டு சொட்டை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தார். பிறகுதான் பேசினார்: "கை வேலை செய்யும்போது வாய் பேசினால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும். கையைப் பார்க்காது."

வீட்டில் அதே மாதிரி பழகினேன். என் மாமியார் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, காபி ஊத்துறியா, அபிஷேகம் பண்றியா?" என்றார்.

இப்படிச் செய்து காட்டும் ஒவ்வொன்றையும் கையால் எழுதிப் படம் வரைந்து வைப்பதுதான் ஆல்பம். என்ன பொருள், எந்த வயதுக்கு, எப்படிச் செய்து காட்டுவது, பிள்ளை தன் தவறைத் தானே எப்படிக் கண்டுபிடிக்கும் என்று எல்லாம் அதில் வரும். உதாரணத்துக்கு, பத்துக் குழிகளும் பத்து மர உருளைகளும் உள்ள ஒரு கட்டை. ஓர் உருளையைக் குழி மாற்றிப் போட்டால் கடைசியில் ஒன்று இடமில்லாமல் மிஞ்சும். நாம் "தப்பு" என்று சொல்லவே வேண்டாம், கட்டையே சொல்லிவிடும். எனக்கு மட்டும் ஆறு ஆல்பங்கள் சேர்ந்தன. எழுதி எழுதி நடுவிரலில் காய்ப்பே வந்துவிட்டது.

ஆனால் என்னை மாற்றியது ஆல்பம் இல்லை, மூலையில் போட்ட ஒரு நாற்காலி. கூர்ந்து பார்த்தல் என்று ஒரு பாடம். ஒரு மணி நேரம் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு குழந்தையைப் பார்த்து எழுத வேண்டும். சிரிக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. முதல் நாள் நான் மூன்று வயதுப் பையன் ஒருவனைப் பற்றி, "சலிப்பாக இருக்கிறான், கவனம் இல்லை" என்று எழுதினேன். பயிற்சியாளர் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டு, "சலிப்பு உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்" என்றார். அடுத்த நாள் இப்படி எழுதினேன்: 10.05, கதவைப் பார்த்தான். 10.09, உருளையை எடுத்தான். 10.11, உருளையைக் கையில் வைத்துக்கொண்டே கதவைப் பார்த்தான். 10.20, எழுந்து கதவு வரை போய்த் திரும்பினான்.

நான்கு நாள் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு முறையும் தெருவில் ஒரு பைக் போயிருக்கிறது. அவனைப் பைக்கில் கொண்டுவந்து விடும் அப்பா, அவன் பையை மாட்டுகிற நேரத்தில் சொல்லாமல் நழுவிப் போகிறவர். பயிற்சியாளரிடம் சொன்னேன், அவர் அப்பாவைக் கூப்பிட்டு, அழுதாலும் பரவாயில்லை, டாட்டா காட்டிவிட்டுப் போங்கள் என்றார். இரண்டு நாள் தொண்டை கிழிய அழுதான். அடுத்த வாரம் நோட்டில் கதவு பற்றிய வரி ஒன்றே ஒன்று.

எந்தப் பயிற்சி நல்லது என்று கேட்டீர்களே, என் அளவுகோல் இதுதான்: பிள்ளைகளோடு எத்தனை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள்? கட்டணம், ஏசி, வெளிநாட்டு முத்திரை எல்லாம் அப்புறம். சேருவதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். முதலுதவி சொல்லித் தருவார்களா என்றும் கேளுங்கள். வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும் சாமான்கள். டிபன் பாக்ஸைத் திறந்ததும் என் கண் இன்றும் முதலில் அதைத்தான் தேடும்.

வேலை கிடைக்கும். சம்பளத்தைப் பற்றி மட்டும் கனவு காணாதீர்கள். எனக்கு முதல் பள்ளியில் 9,500 ரூபாய். 38 பிள்ளைகளுக்கு நானும் ஒரு ஆயாவும். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்கிறது. அதைக் கேட்டதற்கு அந்தப் பள்ளியில், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்கள். பெங்களூருவின் தேசிய கீதம் அது. எட்டு மாதத்தில் வேறு பள்ளிக்கு மாறினேன். முதல் வருடம் முழுக்கச் சளி, தொண்டைக் கட்டு, முட்டி வலி. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் யாரும் சொல்லாத இன்னொன்று, பெற்றோர். மூன்று வயதுப் பிள்ளை இன்னும் ஏ பி சி எழுதவில்லை என்று வருவார்கள், முக்கியமாக நம் ஆட்கள். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள்; பிறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பு. மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் பாதிகூடத் தெரியாது. அந்தக் கையில் பென்சிலைத் திணிக்க அவசரம் வேண்டாம் என்று சொல்வேன். பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் டியூஷன் வைப்பார்கள். சரி, நம்மால் முடிந்தது அவ்வளவுதான். மர உருளையின் குமிழை மூன்று விரலால் பிடித்துப் பிடித்துத்தான் பென்சில் பிடி தானாக வருகிறது என்பதை வகுப்புக்கு அழைத்துக் காட்டினால் இன்னும் கொஞ்சம் பேர் மனம் மாறுகிறார்கள்.

கன்னடம் தடையே இல்லை, ஆனால் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். இங்கே ஒரு வகுப்பில் கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் எல்லாம் கலந்திருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று பள்ளி சொன்னாலும், அழுகிற பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் ஏறாது. சேர்ந்த புதிதில் ஒரு பிள்ளை அரை மணி நேரமாக "அம்மா பேக்கு, அம்மா பேக்கு" என்று தேம்பியது. பை கேட்கிறதாக்கும் என்று நான் அதன் ஸ்கூல் பேக்கை எடுத்துக் கையில் கொடுத்தேன். அழுகை இரண்டு மடங்கானது. ஆயா ஓடிவந்து, "அளபேடா புட்டா, அம்மா பர்த்தாரே" (அழாதே கண்ணு, அம்மா வருவாங்க) என்று தூக்கிக்கொண்டார். பேக்கு என்றால் வேண்டும். என் கன்னடப் பாடம் அன்றைக்கே அந்த ஆயாவிடம் தொடங்கியது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், என் புளிசாதத்துக்கு மாற்றாக.